வில்லும் குதிரையும் மட்டும்தானா? மங்கோலியப் படை வென்றதற்கான காரணங்கள் (விவாத இழை)

மருதன்77

மங்கோலியர் ஏன் வென்றார்கள் என்று யாரைக் கேட்டாலும் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: வில், குதிரை. எனக்கு அங்கேதான் இடறுகிறது. ஹூணர்களிடமும் அவார்களிடமும் கிப்சாக்குகளிடமும் இரண்டும் இருந்தன. செங்கிஸ் கான் முதலில் அடித்து நொறுக்கிய தாத்தார், கெரெயித், நைமன் கூட்டங்களிடமும் அதே வில், அதே குதிரைதான். தங்களுக்குள் அடித்துக்கொண்டு கிடந்த இந்த ஆட்கள் 1206க்குப் பிறகு புகாரா, கீவ், பாக்தாத் என்று வரிசையாகப் பிடித்து, 1279ல் தென்சீனத்தையும் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். நடுவில் என்ன மாறியது?

"வீரம், ஒற்றுமை, கட்டுப்பாடு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எது எப்படி வேலை செய்தது என்று விவரமாக எழுதுங்கள்.

மேகலை

மாறியது படையைக் கட்டிய விதம். 1206க்கு முன் புல்வெளிப் படை என்றால் பங்காளிக் கூட்டம். தலைவன் கோபித்துக்கொண்டால் தன் ஆட்களோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். எதிரியின் முகாம் கண்ணில் பட்டதும் சண்டையை விட்டுவிட்டுக் கொள்ளையில் இறங்குவான். தோற்று ஓடுபவனுக்கு அதுதான் மூச்சு வாங்கும் நேரம். திரும்பி வந்து அடிப்பான்.

1202ல் தாத்தார்களோடு போர் தொடங்கும் முன்பே செங்கிஸ் கான் (அப்போது தெமுஜின்) இரண்டு ஆணைகள் போட்டார். வெற்றி முடியும்வரை யாரும் கொள்ளையைத் தொடக்கூடாது. பிறகு எல்லாம் பொதுவில் பங்கு பிரிக்கப்படும். பின்னால் தள்ளப்பட்டால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்க வேண்டும், வராதவன் தலை போகும். முதல் ஆணையை மீறியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை; அல்தான், குச்சார், தாரிதை என்று மூவரும் நெருங்கிய உறவினர்கள். மூவர் எடுத்ததையும் ஆள் அனுப்பிப் பறித்தார். இதற்கு விலையும் கொடுத்தார், அந்த உறவினர்கள் சீக்கிரமே எதிர்முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

1204ல் நைமன்கள் மேல் போகும் முன் படையைப் பத்து, நூறு, ஆயிரம் என்று பிரித்தார். 1206 குருல்தாயில் (தலைவர்கள் கூடும் பேரவை) 95 ஆயிரங்கள், அதாவது ஆயிரம் பேர் அணிகள். பத்தின் மடங்கு என்பது புல்வெளியில் பழைய ஏற்பாடுதான். தோற்ற கூட்டங்களைக் கலைத்துப் பல ஆயிரங்களுக்குள் தூவிவிட்டது, ஒருவன் தன் அணியை விட்டு இன்னோர் அணிக்குப் போனால் மரணம் என்று வைத்தது, இவைதான் புதுசு. தாத்தார் என்றோ கெரெயித் என்றோ திரண்டு நிற்க அப்புறம் ஆளில்லை.

தலைமையும் அப்படியே. ஜெபே எதிரிப் படையில் இருந்து செங்கிஸ் கானின் குதிரையை அம்பெய்து வீழ்த்தியவர். சுபுதை காட்டோரக் கொல்லன் வீட்டுப் பிள்ளை. பதை, கிஷிலிக் என்ற இரண்டு குதிரை மேய்ப்பர்கள், எதிரி வருவதை முன்கூட்டியே வந்து சொன்னதற்காக ஆயிரத் தலைவர்கள் ஆனார்கள்.

கெசிக் என்ற மெய்க்காவல் படையை இங்கே யாரும் பேசுவதில்லை. முதலில் இரவுக்காவல் 80 பேர், பகல்காவல் 70 பேர். 1206ல் அது 10,000 ஆனது. ஆயிரத் தலைவனின் மகன் 10 தோழர்களோடும் ஒரு தம்பியோடும் வர வேண்டும். நூற்றுத் தலைவனின் மகன் 5 தோழர்களோடு. பத்துக்குத் தலைவனின் மகன் 3 பேரோடு. அப்பாக்கள் தொலைதூரத்தில் படை நடத்தும்போது மகன்கள் கானின் கூடாரத்தில் பிணை. அதே நேரம் அடுத்த தலைமுறைத் தளபதிகளுக்கு அதுவே பயிற்சிக்கூடம். இருபதாயிரம் பேரைக் கொடுத்துச் சுபுதையை ஒரு மூலைக்கும் ஜெபேயை இன்னொரு மூலைக்கும் அனுப்பிவிட்டு, அவன் தனியாக அரசு அமைத்துவிடுவானோ என்ற பயமில்லாமல் இருக்க முடிந்ததற்கு இது பெரிய காரணம். மத்திய ஆசியாவை ஆண்ட குவாரசம் ஷா முகம்மதால் அது முடியவில்லை.

வில்நாண்

வில்லை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். எல்லோரிடமும் இருந்தது என்பது சரி. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்குள் போனால்தான் மேகலை சொன்ன கட்டுப்பாடு எதற்கு என்று புரியும்.

வில்லின் நடுவில் மரம். ஆளைப் பார்த்திருக்கும் பக்கத்தில் கொம்புப் பட்டை. அமுக்கத்தை அது தாங்கும். எதிரியைப் பார்த்திருக்கும் பக்கத்தில் விலங்கின் தசைநார். இழுவையை அது தாங்கும். ஒட்டுவதற்கு விலங்குப் பசை அல்லது மீன் பசை, மேலே பூர்ஜ மரப்பட்டைச் சுற்று. நாரை அடுக்கடுக்காக ஒட்டி ஒவ்வொன்றும் காய விட வேண்டும், மாதக்கணக்கு ஆகும். நாணைக் கட்டைவிரலால் இழுப்பார்கள், விரலில் வளையம். பலவீனம் பசையில்தான். நாள்கணக்கில் ஈரம் பட்டால் பிடி தளரும், இழுவிசை குறையும். உறைந்த குளிர்காலம் அவர்களுக்கு ஒத்துவந்ததற்கும் வெப்பமண்டல மழை ஒத்துவராததற்கும் இது ஒரு காரணம்.

அம்புக் கணக்கு பாருங்கள். ஆளுக்கு 60 அம்பு என்கிறார் மார்கோ போலோ: 30 சிறியவை, தொலைவில் துளைக்க, 30 அகன்ற முனை உள்ளவை, கிட்டத்தில் வெட்ட. நிமிடத்துக்கு ஆறு என்று எய்தால் பத்தே நிமிடத்தில் தூணி காலி. ஆகவே எல்லோரும் சேர்ந்து மழையாகப் பொழிந்தார்கள் என்று படம் வரைந்துகொள்வது தப்பு. சிறு அணி முன்னால் பாயும், சில அம்புகள் எய்யும், வளைந்து பின்னால் போகும், அடுத்த அணி வரும். கொடி, முரசு, சீழ்க்கை அம்பு இவற்றால் சைகை. இந்தச் சுழற்சியை மணிக்கணக்கில் குழப்பமில்லாமல் நடத்த, பத்துப் பத்தாகப் பழகிய ஆட்கள் வேண்டும்.

அந்தப் பழக்கம் வந்தது நெர்கே என்ற வளைப்பு வேட்டையில். குளிர்காலத் தொடக்கத்தில் முழுப்படையும் பெரிய வட்டமாக நிற்கும். ஒன்று முதல் மூன்று மாதம் வரை வட்டத்தை மெல்ல மெல்லச் சுருக்கும். உள்ளே இருக்கும் விலங்கு ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. போனால் அந்த இடத்து ஆயிரம், நூறு, பத்துத் தலைவர்களுக்கு அடி, சிலசமயம் உயிரே போகும். வட்டம் சுருங்கியதும் கயிறும் கம்பளியும் கட்டி அடைப்பார்கள். முதலில் கான் உள்ளே போய் வேட்டையாடுவார், பிறகு தலைவர்கள், கடைசியில் வீரர்கள். மலை, ஆறு எது குறுக்கே வந்தாலும் பக்கத்து அணியோடு தொடர்பு அறாமல் நகர்வது எப்படி என்பதைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல ஒத்திகை இல்லை.

போகிற போக்கில் ஒன்று: பட்டுச் சட்டை அம்போடு சேர்ந்து உள்ளே போகும், இழுத்தால் அம்பு சுலபமாக வந்துவிடும் என்ற கதை இணையம் முழுக்க ஓடுகிறது. அதற்கு அக்கால மூலங்களில் உறுதியான ஆதாரம் இல்லை. 1245–47ல் நேரில் போய் வந்த கார்ப்பினி பாதிரியார் விவரிப்பது தோல் கவசத்தையும், விரல் அகலம் உள்ளங்கை நீளம் உள்ள இரும்புத் தகடுகளை வாரால் கோத்த கவசத்தையும்தான். அம்புமுனை தீட்ட அரம் வைத்திருப்பதையும் சொல்கிறார், பட்டைச் சொல்லவில்லை.

சந்தேகப்பிராணி

எல்லாம் சரிங்க, ஆனா எதிராளி யாருன்னு பாக்க மாட்டேங்கறீங்களே. குவாரசம் ஷா கையில பெரிய படை இருந்துச்சு. ஆனா அவருக்குத் தன் அம்மா துர்கன் காதூன் மேலயே நம்பிக்கை கிடையாது, படைத்தலைவங்க பாதிப் பேரு அந்தம்மா சொந்தக்காரங்க. ஒரே இடத்துல படையைக் குவிச்சா தன்னையே கவுத்துடுவாங்கன்னு பயந்து ஊர் ஊரா பிரிச்சுப் போட்டாரு. மங்கோலியன் வந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டான்.

வடசீனத்தை ஆண்ட ஜின் அரசுல வடக்கு எல்லையைக் காத்தவங்க நிறையப் பேரு கித்தான்கள், ஜின்னால ஆட்சியை இழந்தவங்க. அவங்க கட்சி மாறுனதுல ஆச்சரியம் என்ன? ருஷ்ய இளவரசங்க கதையே வேண்டாம். 1223ல கல்கா ஆத்தங்கரைல மூணு பேரு மூணு திட்டத்தோட நின்னாங்க. ஹங்கேரில பேலா ராஜா பிரபுக்களோட சண்டை. உதவிக்கு வந்த கிப்சாக் தலைவன் கோத்தியானை ஊர்க்காரங்களே கொன்னுட்டாங்க, அவன் ஆளுங்க நாட்டைச் சூறையாடிட்டு தெக்கே போயிட்டாங்க.

அப்புறம் எண்ணிக்கை. லட்சக்கணக்குல வந்தாங்கன்னு எழுதறது பூரா தோத்தவன் சொன்ன கணக்கு. 1227ல செங்கிஸ் கான் இறந்தப்ப மொத்தப் படை 1,29,000னு பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் பட்டியல் போட்டிருக்காரு. அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை

அந்த 1,29,000 என்பதைக் குதிரையாக மாற்றிப் பாருங்கள், வேறு படம் கிடைக்கும்.

ஆளுக்கு மூன்று முதல் ஐந்து குதிரை. ஒரு துமெனுக்கு, அதாவது 10,000 பேருக்கு, ஐந்து வீதம் 50,000 குதிரை. மங்கோலியக் குதிரை சிறியது, தோராயமாக 300 கிலோ எடை. நாளுக்கு ஏழு கிலோ உலர்புல் என்று வைத்தால் 350 டன். ஒரு ஹெக்டேரில் 500 கிலோ கிடைக்கும் புல்வெளியென்றால் தினம் 700 ஹெக்டேர், அதாவது ஏழு சதுர கிலோமீட்டர் மொட்டையாகும். தண்ணீர் குதிரைக்கு 25 முதல் 30 லிட்டர். மொத்தம் தினமும் 12 முதல் 15 லட்சம் லிட்டர். இது என் தோராயக் கணக்கு, ஆனால் அளவு புரியும். ஒரு துமென் ஒரே இடத்தில் ஒரு மாதம் உட்கார முடியாது. பெரிய படை ஒரே பாதையில் போகவும் முடியாது.

சுபுதை போன்றவர்கள் படையை மூன்று நான்காகப் பிரித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் நகர்த்தி, குறித்த நாளில் ஒன்றுசேர்த்ததைப் பெரிய போர்த்தந்திரம் என்று மெச்சுகிறோம். தந்திரம்தான். ஆனால் புல்லும் அப்படித்தான் போகச் சொல்லியது. மற்ற படைகளும் பிரியும். பிரிந்தால் காணாமல் போகும். இவர்களுக்கு இடையே ஓயாமல் ஓலைக்காரர்கள் ஓடினார்கள். செங்கிஸ் கானுக்குப் பின் வந்த மகன் ஓகோதை காலத்தில் அது யாம் என்ற அஞ்சல் நிலைய வரிசையாகவே ஆனது: ஒருநாள் பயணத் தொலைவுக்கு ஒரு நிலையம், மாற்றுக் குதிரை, சாப்பாடு, அடையாளத் தகடு காட்டினால் எல்லாம் கிடைக்கும்.

எதிராளியின் கணக்கையும் போடுங்கள். தானியம் தின்று பழகிய பெரிய குதிரைக்கு நாளுக்கு ஐந்து கிலோ தானியம் என்றால் 10,000 குதிரைக்கு 50 டன். அரை டன் இழுக்கும் மாட்டுவண்டி நூறு, தினமும். அந்தப் படை வண்டியின் வேகத்தில்தான் நகரும், வண்டி போகாத இடத்துக்குப் போகாது. 1220 பிப்ரவரியில் செங்கிஸ் கான் கிசில்கும் பாலைவனத்தைத் துர்க்மேன் வழிகாட்டிகளோடு கடந்து புகாரா வாசலில் போய் நின்றார். வண்டி கட்டிய படை எதுவும் அந்தப் பக்கம் வரும் என்று யாரும் காவல் வைக்கவில்லை.

குதிரையைப் பேணிய முறையும் முக்கியம். தென்சீனத்துச் சோங் அரசின் தூதர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: வசந்தத்தில் போர் முடிந்ததும் குதிரைகளை மேய்ச்சலுக்கு விட்டுவிடுவார்கள், இலையுதிர்காலம் வரை ஏறுவதில்லை. பிறகு பிடித்துக் கட்டி, தீனியைக் குறைத்து, ஊளைக் கொழுப்பைக் கரைத்து உடம்பை இறுக்குவார்கள். ஓடி வந்த குதிரையை உடனே மேயவிடாமல், மூச்சு அடங்கி உடல் குளிரும்வரை தலையை உயரக் கட்டி வைப்பார்கள். அதனால்தான் அவர்கள் படையெடுப்பு பெரும்பாலும் இலையுதிர்காலம், குளிர்காலம் என்று அமைந்தது. பனியைக் காலால் கிளறிப் புல்லெடுக்கும் குதிரை அது. 1237 டிசம்பரில் ரியாசான், 1238 பிப்ரவரியில் விளாதிமிர், மார்ச் 4ல் சித் ஆற்றங்கரைப் போர். உறைந்த ஆறுகள் அவர்களுக்கு நெடுஞ்சாலை. பனி இளகிச் சேறானதும் நோவ்கோரத் பக்கம் போன படை பாதியில் திரும்பிவிட்டது.

ஆள் சாப்பாடு: உலர்த்திய இறைச்சி, உலர்த்திய தயிர்க்கட்டி. மார்கோ போலோ சொல்லும் கணக்கு, ஆளுக்குப் பத்து ராத்தல் உலர்பால். காலையில் அரை ராத்தல் எடுத்துத் தோல்பையில் தண்ணீரோடு போட்டுக்கொள்வான். குதிரை ஓட்டத்தில் அது தானே கரைந்து, சாப்பாட்டு நேரத்துக்குக் கூழாகிவிடும்.

சந்தேகப்பிராணி, எதிரிகள் பிளவுபட்டிருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிளவுகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தவை. அதைப் பயன்படுத்திக்கொள்ள, வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் படை வந்து நிற்க வேண்டுமே.

மருதன்77

கணக்குப்பிள்ளை சார், ஆறுகளை எப்படித் தாண்டினார்கள்? உறையாத ஆறு எத்தனையோ இருக்கிறதே. இன்னொன்று, பருவநிலை பற்றி ஏதோ ஆய்வு வந்ததாகப் படித்தேன்.

கணக்குப்பிள்ளை

ஆறு: கார்ப்பினி விவரித்திருக்கிறார். தலைவர்களிடம் வட்டமான மெல்லிய தோல் ஒன்று இருக்கும். ஓரத்தைச் சுற்றி நெருக்கமாகக் காதுகள், அவற்றுக்குள் கயிறு. கயிற்றை இழுத்தால் தோல் பையாகிவிடும். உள்ளே துணி, ஆயுதம், சாமான் எல்லாம் வைத்து இறுக்கிக் கட்டி, மேலே சேணத்தைப் போட்டு, அதன்மேல் ஆள் உட்கார்ந்துகொள்வான். பையைக் குதிரை வாலில் கட்டி, ஓர் ஆள் முன்னால் நீந்தி ஒரு குதிரையை நடத்தினால் மற்றவை பின்னால் வரும். சாதாரண வீரனிடம் நன்றாகத் தைத்த தோல்பை இருக்க வேண்டும் என்பது கட்டாயம்.

பருவநிலை: மத்திய மங்கோலியாவின் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை வைத்து 2014ல் வந்த ஆய்வு அது. 1211 முதல் 1225 வரை வழக்கத்தைவிட ஈரமும் வெதுவெதுப்புமாக இருந்தது என்கிறது. புல் மிகுந்தால் குதிரை மிகும். ஆனால் நல்ல மழை பெய்ததால் உலகை வென்றார்கள் என்று இழுக்கக் கூடாது. 1206ல் கூட்டங்கள் ஒன்றானது அந்த மழைக்காலத்துக்கு முன்பே.

கோட்டைமதில்

புல்வெளிக்காரனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். வென்ற நாடுகளில் பெரும்பாலானவை மதில் சூழ்ந்த நகரங்கள். குதிரை மதில் ஏறாது. இதை அவர்கள் கற்றுக்கொண்ட வேகம்தான் எனக்குப் பெரிய வியப்பு, அதுவும் கேவலமாகத் தொடங்கிக் கற்றுக்கொண்டது.

1209ல் வடமேற்குச் சீனத்தில் இருந்த சி சியா அரசின் தலைநகரை முற்றுகையிட்டார்கள். பொறி கிடையாது. மஞ்சளாற்றுத் தண்ணீரைத் திருப்பி நகரை மூழ்கடிக்கலாம் என்று அணை கட்டினார்கள். அணை உடைந்து தண்ணீர் சொந்த முகாமுக்குள்ளேயே புகுந்தது. சமாதானம் பேசித் திரும்ப வேண்டியதாயிற்று. ஜின் தலைநகர் சோங்து 1215ல் விழுந்ததும் மதிலை உடைத்ததால் இல்லை, பட்டினி போட்டு.

அதற்கடுத்த ஐந்து ஆண்டில் நிலைமை தலைகீழ். எப்படி? சரணடைந்த நகரில் கைவினைஞர்களைத் தனியே பிரித்து எடுத்துக்கொள்வது என்பது மாறாத நடைமுறை. மற்றவர்களைக் கொன்ற இடத்தில்கூட தச்சன், கொல்லன், பொறி செய்பவன் தப்பிப்பான், அடுத்த முற்றுகைக்கு வேலை செய்ய. 1253ல் செங்கிஸ் கானின் பேரன் ஹுலாகு மேற்கே கிளம்பியபோது சீனாவிலிருந்து பொறி இயக்கும் ஆயிரம் குடும்பங்களை வரவழைத்தார்கள் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி.

அடுத்தது ஹஷர், அதாவது பிடித்த ஊர்க்காரர்களையே முன்னால் விரட்டி வேலை வாங்குவது. குவாரசம் நகரங்களான ஒத்ரார், புகாரா ஆட்களைச் சமர்கந்து வாசலுக்கு ஓட்டி வந்தார்கள். பத்துக் கைதிக்கு ஒரு கொடி கொடுத்து நடத்தினார்கள். மதில் மேலிருந்து பார்த்தவனுக்கு எல்லாம் படையாகத் தெரிந்தது. அகழியை நிரப்பும் மண்ணையும் கட்டையையும் சுமந்தவர்கள் இவர்கள்தான். மேலேயிருந்து விழும் அம்பும் முதலில் இவர்கள்மேல். கொடூரம், மங்கோலிய உயிர்ச்சேதம் அதனால் குறைந்தது.

பொறிக்குக் கல் வேண்டும், இல்லாத ஊரில் என்ன செய்வது? 1221ல் குவாரசம் நகரான உர்கெஞ்சைச் சுற்றிக் கல்லே கிடையாது. முசுக்கட்டை மரங்களை வெட்டித் துண்டாக்கித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கனமாக்கி எறிந்தார்கள். 1258ல் பாக்தாத்திலும் அதே சிக்கல். ஹம்ரீன் மலையிலிருந்து கல் வந்தது, போதாததற்குப் பேரீச்ச மரத்தை வெட்டி எறிந்தார்கள். பாக்தாத்தில் அணை உடைப்பும் உண்டு, இந்த முறை சரியாக. கலீபாவின் படை வெளியே வந்து நின்றபோது கரையை வெட்டிவிட்டு அவர்கள் பின்பக்கத்தை வெள்ளக்காடாக்கினார்கள். பிறகு நகரைச் சுற்றி அகழியும் மண்மதிலும், டைகிரிஸ் ஆற்றில் தப்பி ஓடாதபடி படகுப்பாலமும். ஜனவரி 29ல் தாக்குதல் தொடங்கியது, பிப்ரவரி 10ல் கலீபா வெளியே வந்தார்.

உர்கெஞ்ச் சுலபமாக விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முற்றுகையை நடத்திய செங்கிஸ் கானின் மகன்கள் ஜோச்சிக்கும் சகதைக்கும் ஒத்துப்போகவில்லை. ஆற்றுப் பாலத்தைப் பிடிக்கப் போன 3,000 பேர் மொத்தமாக மாண்டார்கள். கடைசியில் ஓகோதையிடம் பொறுப்பைக் கொடுத்த பிறகே வேலை நடந்தது.

உச்சம் தென்சீனத்துச் சோங் அரசின் சியாங்யாங். 1268ல் தொடங்கி 1273 வரை ஐந்தாண்டு. ஹான் ஆற்றின் இக்கரையில் சியாங்யாங், அக்கரையில் ஃபான்செங், இரண்டுக்கும் நடுவே மிதவைப் பாலம். சீனர்களின் கவண்பொறி, கயிற்றைப் பல ஆட்கள் சேர்ந்து இழுக்கும் வகை. பாரசீகத்திலிருந்து இஸ்மாயில், அலாவுத்தீன் என்ற இரண்டு பொறியாளர்களை அப்போதைய பெருங்கான் குபிலாய் வரவழைத்தார். அவர்கள் கட்டியது எடைக்கட்டுப் பொறி: தூலத்தின் ஒரு முனையில் பெரிய பாரப்பெட்டி, அது விழும் வேகத்தில் மறுமுனை கல்லை வீசும். ஆள் இழுப்பதுபோல் ஒவ்வொரு முறையும் வேகம் மாறாது, ஆகவே குறி ஒரே இடத்தில் விழும். சீன எடை அளவில் 150 கட்டி உள்ள கல், சுமார் 90 கிலோ. பாலத்தை அறுத்து முதலில் ஃபான்செங்கை எடுத்தார்கள், பிறகு சியாங்யாங்கின் தளபதி லு வென்ஹுவான் சரணடைந்தார். அவரையே அடுத்து யாங்சி ஆற்றோரப் படையெடுப்பில் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சந்தேகப்பிராணி

அப்ப சீனன் பொறி, பாரசீகன் பொறி, கித்தான் ஆளு, துர்க்கி வழிகாட்டி. மங்கோலியன் என்னதான் பண்ணான்?

மேகலை

இத்தனை பேரையும் ஒரே ஆணைக்குக் கீழே வேலை செய்ய வைத்தான். 1217ல் தளபதி முகலியிடம் வடசீனத்தை விட்டுவிட்டுச் செங்கிஸ் கான் மேற்கே போனார். முகலி கையில் மங்கோலியர்கள் சிறுபான்மை. கித்தான், சீன அணிகளே அதிகம். ஆறு ஆண்டு போரை அப்படித்தான் நடத்தினார்.

வில்நாண்

போலிப் பின்வாங்கல் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. அதையும் மந்திரமாகச் சொல்லிவிடுகிறார்கள். பொய்யாக ஓடுவது மிக ஆபத்தான வேலை. ஒழுங்கில்லாத படை பொய்யாக ஓட ஆரம்பித்தால் நிஜமாகவே ஓடிவிடும். கல்காவில் சுபுதையும் ஜெபேயும் ஒன்பது நாள் பின்வாங்கினார்கள். துரத்தி வந்தவர்கள் நீண்டு, பிரிந்து, குதிரை களைத்து, யார் எங்கே என்று தெரியாமல் வந்து சேர்ந்தார்கள். இவர்களுக்கு மாற்றுக் குதிரை தயார். குதிரை உபரி இல்லாவிட்டால் இந்த உத்தியே இல்லை.

1241 ஏப்ரல் 11, மோஹி. ஷாயோ ஆற்றுக்கு மேற்கே ஹங்கேரியப் படை வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து முகாம் போட்டிருந்தது, கூடாரம் நெருக்கி நெருக்கி. முந்தின இரவு தப்பி வந்த கைதி ஒருவன் எச்சரித்தான். ஹங்கேரியர்கள் பாலத்துக்குப் போய், கடந்துகொண்டிருந்த முன்னணியை அடித்து விரட்டிவிட்டுக் காவல் வைத்துத் திரும்பினார்கள். விடியலில் செங்கிஸ் கானின் பேரன் படு கான் ஏழு கல்லெறி பொறிகளைக் கொண்டுவந்து பாலக்காவலைச் சிதறடித்தார். கோட்டைக்கான பொறியைத் திறந்தவெளிப் போரில் பயன்படுத்தியது கவனிக்க வேண்டியது.

திட்டப்படி அதே நேரத்தில் சுபுதை கீழ்ப்பக்கம் ஆற்றைக் கடந்து பின்னால் வந்திருக்க வேண்டும். அங்கே ஆழம் அதிகம், பாலம் கட்டி முடியவில்லை. படு கான் தனியாக மாட்டிக்கொண்டு நிறைய ஆட்களை இழந்தார், திரும்பிவிடலாமா என்று யோசித்தார். இளவரசர் போவதானால் போகலாம், டான்யூபைத் தொடாமல் தான் திரும்புவதில்லை என்று சுபுதை நின்றதாக யுவான் வரலாறு (சீனாவை ஆண்ட மங்கோலிய வம்சத்தின் வரலாற்று நூல்) சொல்கிறது. பிறகு அவர் பின்னால் வந்து சேர்ந்ததும் ஹங்கேரியர் முகாமுக்குள் ஒதுங்கினார்கள். உள்ளே கூடாரக் கயிறு காலைத் தடுக்க, நகர இடமில்லாமல், பொறிக்கல்லும் அம்பும் விழுந்தன. ஒரு பக்கம் திறந்து விட்டார்கள். தப்பினோம் என்று அந்த வழியாக ஓடியவர்களைப் பெஸ்த் சாலை நெடுக, இரண்டு நாள் பயண தூரத்துக்கு வெட்டினார்கள். முழுக்க வளைத்தால் எதிரி உயிரைக் கொடுத்துப் போராடுவான்; ஓடுகிறவன் திரும்பிப் பார்க்கமாட்டான்.

மருதன்77

அப்படியானால் எங்கே தோற்றார்கள் என்பதிலிருந்தும் காரணம் தெரியுமே?

கணக்குப்பிள்ளை

தெரியும். பர்வான், 1221. மங்கோலியத் தளபதி ஷிகி குதுக்கு கம்பளியில் பொம்மை செய்து உபரிக் குதிரைகள்மேல் ஏற்றிப் படை பெருகியதுபோல் காட்டினார். எதிரே நின்ற குவாரசம் ஷாவின் மகன் ஜலாலுத்தீன் மிரளவில்லை. தன் ஆட்களைக் குதிரையிலிருந்து இறக்கி, கடிவாளத்தைக் கையில் பிடித்தபடி நின்று எய்ய வைத்தார். தரை முழுக்கக் குழி. மங்கோலியக் குதிரைகள் இடறி விழுந்தன. பிறகு செங்கிஸ் கான் அந்த இடத்துக்கே போய், எங்கே நின்றீர்கள், எப்படி நின்றீர்கள் என்று விசாரித்து, இடத்தேர்வு தவறு என்று சொல்லிக்காட்டினார். தண்டனை கொடுக்கவில்லை. ஜலாலுத்தீன் பக்கமோ, பிடித்த ஒரு குதிரை யாருக்கு என்று தளபதிகள் சண்டை போட்டுப் பாதிப் படை பிரிந்து போனது. அந்த நவம்பரில் சிந்து ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்தது. மேகலை மேலே எழுதிய 1202 கொள்ளை ஆணைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

சிரியா, 1260. ஹுலாகு கிளம்பிய நாளிலிருந்தே வழியிலுள்ள மேய்ச்சல் நிலங்களில் மற்றவர் மாடு ஆடு மேய்க்கக்கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள், பாலம் போட்டார்கள், மாவு சேர்த்தார்கள். அப்படித் திட்டமிட்டவரே சிரியாவில் அலெப்போவையும் டமாஸ்கஸையும் எடுத்தபின் பெரும்படையோடு அசர்பைஜான் பக்கம் திரும்பினார். ஹுலாகுவின் அண்ணனும் பெருங்கானுமான மோங்கே கான் இறந்த செய்தி ஒரு காரணம். 1262ல் பிரெஞ்சு மன்னர் லூயிக்கு எழுதிய கடிதத்தில் ஹுலாகு சொல்லும் காரணம் வேறு: தானியமும் புல்லும் தீர்ந்துபோயின. தளபதி கித்புகாவிடம் விட்டுப்போனது சுமார் ஒரு துமென். செப்டம்பர் 3, அய்ன் ஜாலூத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் அதே வில், அதே குதிரை, அதே போலிப் பின்வாங்கலால் அவரை வீழ்த்தினார்கள். மம்லூக்குகளில் பலர் கிப்சாக் புல்வெளிப் பிள்ளைகள், அடிமையாக விற்கப்பட்டு எகிப்துக்கு வந்தவர்கள்.

கோட்டைமதில்

ஹங்கேரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1241–42ல் எஸ்தெர்கோம் ஊரைப் பிடித்தார்கள், மேலே இருந்த கல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பேலா திரும்பி வந்ததும் பிரபுக்களுக்கு நிலம் கொடுத்துக் கற்கோட்டைகள் கட்டச் சொன்னார். 1285ல் மறுபடி வந்தவர்களுக்குப் பிடிக்க ஊர் கிடைக்கவில்லை, தின்னவும் கிடைக்கவில்லை. வியட்நாமில் 1288 பாக் தாங் ஆற்றில் கப்பல்கள் ஆற்றில் நட்டிருந்த கூரிய கழிகளில் சிக்கி எரிந்ததும், ஜாவாவில் 1293ல் அடி வாங்கியதும் தனி இழைக்குரிய விஷயம். அங்கே குதிரைக்கு வேலையே இல்லை.

சந்தேகப்பிராணி

டெல்லியை விட்டுட்டீங்களே. அலாவுத்தீன் கில்ஜி நிறுத்தினாரே?

கணக்குப்பிள்ளை

டெல்லி கதை சிந்துக்கரையிலேயே தொடங்கிவிடுகிறது. ஜலாலுத்தீனைத் தேடி வந்த மங்கோலிய அணி முல்தானை முற்றுகையிட்டு, வெயில் தாங்காமல் திரும்பியது. அதன்பின் வந்தவர்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் வந்து கோடைக்குள் கிளம்பும் கட்டாயத்தில் இருந்தார்கள். டெல்லி அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். 1303ல் மங்கோலியத் தளபதி தர்கி டெல்லியைச் சுற்றி உட்கார்ந்தபோது அலாவுத்தீன் சிரியில் அகழி வெட்டிக்கொண்டு வெளியே வராமல் இருந்தார். இரண்டு மாதம் போல் இருந்துவிட்டு தர்கி போனார்.

அதற்குப் பிறகு அலாவுத்தீன் செய்தவைதான் பாடம். மேற்கு எல்லைக் கோட்டைகளைப் பழுது பார்த்தார். நிலையான குதிரைப்படைக்குப் பணமாகச் சம்பளம்: ஆளுக்கு ஆண்டுக்கு 234 தங்கா (அக்கால டெல்லி நாணயம்), இரண்டாவது குதிரை வைத்திருந்தால் கூடுதலாக 78. அந்தச் சம்பளத்தில் வீரன் வாழ முடிய வேண்டும் என்பதற்காகவே சந்தையில் தானிய விலையைக் கட்டினார் என்கிறார் டெல்லி வரலாற்றாசிரியர் பரனி. நோஞ்சான் குதிரையைக் காட்டி ஏமாற்றாதபடி குதிரைக்குச் சூடுபோட்டுக் குறி வைத்தார். 1305ல் அம்ரோஹாவிலும் 1306ல் ராவி பக்கமும் வந்தவர்களை அந்தப் படை அடித்து நொறுக்கியது. 1306ல் தலைமை தாங்கிய மாலிக் காபூர்தான் 1311ல் மதுரை வாசலுக்கு வந்தவர். மங்கோலியரைத் தடுக்கத் திரட்டிய குதிரைப்படையை வடக்கே வேலை குறைந்ததும் தெற்கே திருப்பினார்கள்.

பாண்டியரிடம் குதிரை இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். இருந்தது, எல்லாம் இறக்குமதி. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரை, ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்குச் சொல்கிறார். அந்த வணிகமும் அப்போது ஹுலாகு வம்சத்து ஆட்சியின் நிழலில் நடந்ததுதான். வந்த குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை, பெரும்பாலானவை செத்தன என்கிறார் மார்கோ போலோ. அதனால் அடுத்த ஆண்டும் கப்பல் வரும்.